இரண்டு வரப்புகளுக்கு நடுவில் ஒரு கீரைத் தோட்டம்

கன்னியம்மா தலைக்கூடையை இறக்கவே இல்லை. ராயபுரத்தில் நான் குடியிருந்த வீட்டின் வாசற்படியில் நின்று, ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையிலிருந்த காகிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். கூடையிலிருந்த முளைக்கீரைக் கட்டுகள் சொட்டி அவர் தோள் நனைந்திருந்தது.

"இத்த நீ தான் போட்டியா நைனா?"

வாங்கிப் பார்த்தேன். அந்த ஆண்டுப் பங்குனி உற்சவ மலரிலிருந்து கிழித்த பக்கம். என் கட்டுரையும், அதோடு நான் வரைந்த நிலப்படமும். படத்தின் நடுவே தடித்த கோடு ஒன்று ஓடியது. அதன் மேல் ‘கோயில் வரப்பு’ என்று எழுதியிருந்தேன்.

"ஆமாம், நான் போட்டதுதான்," என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"அப்ப என் தோட்டத்த கம்பெனிக்கு எழுதிக் குட்த்தது நீ தான். மேனேஜரு இத்த காட்டித்தான் காலி பண்ணு பண்ணுன்னு சொல்லிகினு கீறாரு. படிச்சவரே எழுதிட்டாரு, அப்பால இன்னா பேச்சுன்றாரு."

அது ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. நாட்குறிப்பில் அந்தப் பக்கத்து மை மழையில் பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை என்பது மட்டும் தெரிகிறது.

ஓர் இடைக்குறிப்பு

சென்ற இதழில் ராயபுரம் ரயில் நிலையத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, ‘ரயில்வேயில் வரைபடம் போட்ட ஆளுக்குக் கல்வெட்டில் என்ன வேலை?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.

நான் டிரேசர். பழைய நிலப்படத்தின் மேல் மெழுகுத் துணியை விரித்து, கீழே தெரியும் கோடுகளை மையில் படி எடுப்பது என் வேலை. நாள் முழுதும் மற்றவர்கள் போட்ட கோடுகளைத் திரும்பப் போடுகிறவனுக்கு, அந்தக் கோடு முதலில் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகம் ஒருநாள் வரத்தான் செய்யும்.

எனக்கு அது கொருக்குப்பேட்டைக்கு வடக்கே உள்ள நிலங்களின் படத்தைப் படி எடுக்கும்போது வந்தது. இருப்புப் பாதைக்குக் கிழக்கே ஒரு வரப்பு சாய்வாக வந்து பாதையில் முட்டி நின்றது. பாதைக்கு மேற்கே, அதே சாய்வில், அதே கோணத்தில் மறுபடி தொடங்கியது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரே வரப்பு. ரயில் அதை நடுவில் வெட்டிக்கொண்டு போயிருக்கிறது. அப்படியானால் ரயிலுக்கு முன்னாலேயே வரப்பு இருந்திருக்க வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதற்குப் படத்தில் பதில் இல்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கத் தொடங்கினேன். சண்டைக் காலத்தில் குண்டு விழும் என்று பட்டணமே காலியான மாதங்களிலும் நடந்தேன். அலுவலகம் எங்களை விடவில்லை. தெருக்களில் நாய்கள் மட்டும் இருந்தன. திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூர் வரை, ரயிலுக்கும் கால்வாய்க்கும் இடைப்பட்ட வெளியில், அந்த மாதங்களில் கற்றுக்கொண்டதுதான் பிற்பாடு எனக்குக் கைகொடுத்தது.

வயல் இல்லாமல் போன பிறகும் வரப்பு இருக்கும். உச்சி வெயிலில் தெரியாது. நாலரை மணிக்குச் சாய்ந்த வெயிலில், முழங்கால் உயரம்கூட இல்லாத மேடு நீளமாக நிழல் போடும். சில இடங்களில் மேடே இருக்காது, அருகம்புல் மட்டும் ஒரு பட்டையாக ஓடும். ஒற்றையடிப் பாதை வெட்டவெளியில் காரணமில்லாமல் வளைந்தால், அங்கே முன்பு ஒரு வயலின் மூலை இருந்திருக்கும். வயல் போன பிறகும் ஜனங்கள் அந்த மூலையைச் சுற்றியே நடக்கிறார்கள்.

எல்லைக் கற்களை நான் நம்புவதில்லை. கோயில் நிலம் என்பதற்குச் சூலம் பொறித்து நட்ட கல் ஒன்றைத் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் பார்த்தேன். அதில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். சோப்பு நுரைக்கு நடுவே சூலம் தெரிந்தது. கல் நடக்கும், வரப்பு நடக்காது என்று அன்று குறித்துவைத்தேன். நல்ல வாக்கியம் என்று நினைத்தேன். வரப்பிலும் ஏமாறலாம் என்று அப்போது தெரியாது.

நாடாவின் மறுமுனை

திருவொற்றியூருக்கு வடக்கே பாதி இடிந்த சிறு கோயில் ஒன்று இருந்தது. அதன் தெற்குச் சுவரில் ஒரு நிலக்கொடைக் கல்வெட்டு. அரசன் பெயர் இருந்த இடத்தில் கல் உதிர்ந்துவிட்டது. எழுத்தின் அமைப்பைப் பார்த்தால் பிற்காலச் சோழர் காலம், ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள். கொடுத்த நிலத்தின் கிழக்கெல்லை ஒரு வாய்க்கால் என்று அதில் இருந்தது.

அந்த வாய்க்காலைத் தேடி ஒரு தை மாதத்தில் போனேன். துணைக்கு என் தோழன் காதர். ராயபுரத்தில் கயிற்றுக் கடையில் வேலை, கப்பல் கயிறு முறுக்கி உள்ளங்கை தேய்ந்த ஆள். கல்வெட்டில் அவனுக்கு அக்கறை இல்லை. என்னிடம் சைக்கிள் கிடையாது, அவனிடம் இருந்தது.

கன்னியம்மாவின் கீரைத் தோட்டம் அங்கேதான். ரயிலிலிருந்து கால்வாய்ப் பக்கம் நடந்தால் முதலில் ஒரு வெற்று நிலம், அதை அப்போதுதான் ஒரு கம்பெனி தொழிற்சாலை கட்ட வாங்கியிருந்தது. பிறகு ஒரு வரப்பு. பிறகு தோட்டம், அறுபது தப்படி அகலம், நடுவில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பிறகு இரண்டாவது வரப்பு. அதற்கும் மேற்கே கைவிட்ட உப்பளங்கள், அப்புறம் கால்வாய்.

கிழக்கு வரப்பு கோணல்மாணலாக, ஆங்காங்கே இடிந்து கிடந்தது. மேற்கு வரப்பு நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. அதன் ஓரமாகவே ஒரு பள்ளம், அதுவும் நேராக. அதைப் பார்த்ததும் கல்வெட்டு சொன்ன வாய்க்கால் இதுதான், எல்லை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பள்ளத்தில் வெள்ளைப் படலம் பூத்திருந்ததையும் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் எங்கேதான் உப்பு பூக்கவில்லை என்று விட்டுவிட்டேன்.

அளக்க இரண்டு பேர் வேண்டும். காதர் பீடி வாங்கப் போயிருந்தான். பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாவைக் கூப்பிட்டு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

அந்த அளவை வைத்துத்தான் படம் போட்டேன். உற்சவ மலர்க்காரர்கள் பக்கம் நிரப்பக் கட்டுரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கொடுத்தேன்.

கம்பெனியின் கிரயப் பத்திரத்தில் மேற்கெல்லை ‘கோயில் வரப்பு’ என்று இருந்தது எனக்குத் தெரியாது. கிழக்கு வரப்புதான் கோயில் வரப்பு என்றால் தோட்டம் கோயில் நிலம், கன்னியம்மா அதில் பரம்பரைக் குத்தகைக்காரர், கம்பெனிக்கு அங்கே வேலையில்லை. மேற்கு வரப்புதான் என்றால் தோட்டமும் கிணறும் கம்பெனி வாங்கிய நிலத்துக்குள் வந்துவிடும். என் கோடு மேற்கு வரப்பின் மேல் இருந்தது.

மழைக்குப் பின்

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கன்னியம்மாவிடம் ஒத்துக்கொள்ளவில்லை. கல்வெட்டில் அப்படித்தான் இருக்கிறது, நான் என்ன செய்வது என்றேன்.

"கல்வெட்டு பொய் சொல்லாது கன்னியம்மா."

"கல்லு சொன்னத நான் கேக்கல. நீ சொன்னத கேக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம வா. மழ பெஞ்சிகினு கீது, இப்ப வந்து பாரு," என்றார். காகிதத்தைத் திருப்பி வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

காதரிடம் சொன்னேன். அவன் சிரித்தான்.

"ரூலர் வெச்சு கோடு போடறவன் நீ. நேரா இன்னா கண்டாலும் ஒனக்கு சொந்தக்காரன் மாதிரி தெரியும். போய்ப் பாப்போம் வா."

ஞாயிற்றுக்கிழமை போனபோது இரவு பெய்த மழை வடிந்துகொண்டிருந்தது. கன்னியம்மா எங்களை முதலில் மேற்கு வரப்புக்குக் கூட்டிப்போனார். பள்ளத்தில் தண்ணீர் நின்றது.

"கைல அள்ளி வாயில வையி."

வைத்தேன். துப்பினேன். இரவு பெய்த மழைத் தண்ணீர்கூட அங்கே உப்புக் கரித்தது.

"இந்தத் தண்ணிய வுட்டு உன் சோழ ராஜா நெல்லு வெளைச்சாரா?"

காதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்குவது தெரிந்தது.

"கால்வாயிலேர்ந்து உப்புத்தண்ணி உப்பளத்துப் பாத்திக்கு வர்ற வழி நைனா இது," என்றார் கன்னியம்மா. "எங்கப்பன் உப்பளத்துல கூலி. இந்த வரப்ப போடச்சொல்ல நாப்பது பேரு நின்னு காலால மிதிச்சாங்களாம். அதான் இம்மாம் நேரா கீது. தச்ச மாதிரி."

"இதை ஏன் தை மாசமே சொல்லலை?"

"நீ எங்க கேட்ட? டேப்ப புடின்ன. புடிச்சேன்."

வாயைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு கிழக்கு வரப்புக்குப் போனோம். தை மாதத்தில் வெறும் இடிந்த மண்ணாகத் தெரிந்தது இப்போது வேறாக இருந்தது. கம்பெனி நிலத்துப் பக்கம் தண்ணீர் வரப்பை ஒட்டி முட்டிநின்றது. தோட்டத்துப் பக்கம் ஈரம் மட்டும். கன்னியம்மா கம்பெனி நிலத்துப் பக்கமிருந்து வரப்பின் மேல் ஏறித் தோட்டத்துப் பக்கம் இறங்கிக் காட்டினார். ஏறும்போது ஒரு சாண், இறங்கும்போது இரண்டு சாண்.

"கொடம் தூக்கிகினு எறங்கச்சொல்ல கால் தெரிஞ்சுக்கும். அந்தாண்ட ஒசரம், இந்தாண்ட பள்ளம். உப்பு வரப்புல அப்டி இல்ல. ரெண்டு பக்கமும் ஒரே மட்டம்."

நன்செய் வயல்கள் படிக்கட்டு போல ஒன்றுக்கொன்று தாழ்ந்து போவதும், மேல் வயல் தண்ணீரைத் தாங்கத்தான் நடுவில் வரப்பு என்பதும் எனக்குத் தெரியாததல்ல. புத்தகத்தில் படித்தது. குனிந்து பார்த்தேன். கம்பெனி நிலத்துப் பக்கம் வரப்பை ஒட்டி, அவ்வளவாகத் தெரியாத ஒரு தாழ்வு. அந்தத் தாழ்வில் மட்டும் கோரை அடர்ந்து ஓடியது, வரப்பு வளையும் இடமெல்லாம் தானும் வளைந்து. தூர்ந்துபோன வாய்க்கால். தண்ணீர் மட்டம் பார்த்து ஓடும் வாய்க்கால் நேராகப் போகாது என்பது ஒரு ரயில்வே ஊழியனுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா தோஸ்து, பேச்சே காணோம்?" என்றான் காதர்.

"தப்பு பண்ணிட்டேன்."

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? அச்சுல போட்டவங்கிட்ட சொல்லு."

வெட்டிப் பார்த்த இடம்

கார்த்திகையில் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எல்லைத் தகராறை நேரில் விசாரிக்க வந்தார். நடுவயது, குடைக்குள்ளேயே நின்று பேசுகிற மனிதர். தலையாரியும் அவன் தம்பியும் மண்வெட்டியோடும் அளக்கும் சங்கிலியோடும் வந்தார்கள். கம்பெனி மேனேஜர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, உற்சவ மலரைக் கண்ணாடிக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தார்.

அங்கிருந்த அளவைக் கற்களைச் சண்டைக் காலத்தில் ராணுவ லாரிகளுக்குக் கொட்டகை போட்டபோது பிடுங்கிவிட்டார்கள். ஒரு கல்தான் மிச்சம், அதுவும் சாய்ந்து கிடந்தது. அதிலிருந்து சங்கிலி பிடித்தால் எல்லைக்கோடு நேரே கிணற்றுக்குள் போய் விழுந்தது. தலையாரி எட்டிப் பார்த்துவிட்டு, "கெணத்துல பாதி உனக்கு, பாதி கம்பெனிக்கு. வாளிய எந்தப் பக்கம் எறக்குவ?" என்று கன்னியம்மாவைக் கேட்டான். அவர் சிரிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "இந்தப் படம் போட்டவர் நீங்கதானா? உங்க படம் மேற்கு வரப்புன்னு சொல்லுது."

"படம் தப்புங்க," என்றேன். "மேற்கு வரப்பு உப்பளத்துக்குப் போட்டது. கோயில் வரப்பு கிழக்கே இருக்கிறது."

மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "பங்குனியில சோழர் காலம், கார்த்திகையில உப்பளமா? நடுவில என்ன சார் நடந்தது?"

"மழை பெய்தது," என்றேன். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மை அதுதான். ஆனால் தலையாரியின் தம்பி சிரித்துவிட்டான்.

"இந்தம்மா சொல்லிக்கொடுத்தாங்களா?"

"ஆமாம். அவங்க காட்டினதுக்கப்புறம்தான் தெரிஞ்சது."

இன்ஸ்பெக்டர் குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "குத்தகைக்காரங்க சொல்றதை வெச்சு நான் எழுத முடியாது. தப்புன்னு சொல்ற படத்தை வெச்சும் எழுத முடியாது. வரப்பு ரெண்டையும் வெட்டிப் பார்த்தா ஏதாவது தெரியுமா?"

நான் அதை எதிர்பார்க்கவில்லை. தெரியலாம் என்றேன்.

முதலில் மேற்கு வரப்பை ஒரு முழ அகலத்துக்குக் குறுக்கே வெட்டினார்கள். சாம்பல் நிறக் களிமண், மேலிருந்து கீழ்வரை ஒரே சீர், நடுநடுவே கிளிஞ்சல். அடிமட்டத்தில் மண்வெட்டி எதிலோ பட்டுக் கிறீச்சிட்டது. தலையாரி எடுத்துக் கொடுத்தான். இரும்பு போல் கறுத்து, ஓட்டை ஓட்டையாக, கையில் லேசாக இருந்தது. எனக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எஞ்சின் அடுப்பில் வெந்து உருகிய கரிக்கட்டி. கொருக்குப்பேட்டை யார்டில் அதன் மேல்தான் நடப்போம். இன்னும் இரண்டு கிடைத்தன, கூடவே ஒரு பச்சைக் கண்ணாடிச் சில்லும்.

"வரப்புக்கு அடியில ரயில் கரி கிடக்குதுங்க," என்றேன். "ரயில் வந்த பிறகு போட்ட வரப்பு."

மேனேஜர் ஒன்றை வாங்கிப் பார்த்தார். நேர்மையான மனிதர்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, "அதையும் வெட்டுங்க," என்று கிழக்கே கையைக் காட்டினார்.

கிழக்கு வரப்பு எளிதில் வெட்டுப்படவில்லை. வேர்கள். வெட்டிய முகத்தைத் தண்ணீர் தெளித்து வழித்தபோது உள்ளே அடுக்குகள் தெரிந்தன. விரல் தடிமன், அரை விரல் தடிமன், கறுப்பும் பழுப்புமாக மாறி மாறி, தோட்டத்துப் பக்கம் வழிந்து படிந்திருந்தன. வருஷா வருஷம் நடவுக்கு முன்னால் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, புதுச் சேறு வைத்து மெழுகுவார்களே, அதன் படிவு. நான் எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டேன். வயல் நத்தையின் ஓடுகள், ஒரு கறுப்புப் பானைச் சில்லு. கரி இல்லை, கண்ணாடி இல்லை, கிளிஞ்சல் இல்லை.

"சோழர் காலம்தானா?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாதுங்க. இந்த மண்ணுக்கு எண்ணூறு வயசுன்னு என்னால சொல்ல முடியாது. பழைய சேறு கரையக் கரையப் புதுச் சேறு வெச்சிருக்காங்க. ஆனா திரும்பத் திரும்ப ஒரே இடத்தில வெச்சிருக்காங்க. இடம் பழசு. கல்வெட்டு சொல்ற வாய்க்காலும் இதை ஒட்டித்தான் போகுது."

"அவ்வளவு எனக்கு வேண்டாம். உப்பளத்துக்கு முந்தினதா?"

"முந்தினது."

"அதை எழுதறேன். உங்க படம் தப்புன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவருடைய குடையின் கீழ் நின்று, தலையாரியின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதினேன். உற்சவ மலரில் வந்ததுதான் என் பெயரில் அச்சான முதல் கட்டுரை. அதற்கு நானே எழுதிய மறுப்பு நான்கு வரி. மலர்க்காரர்கள் அதன் பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கம்பெனி வேலி கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் வாயால் சொல்லிவிட்டே போனார். உத்தரவு தை மாதம் வந்தது. மேனேஜர் போகும்போது எனக்குக் கைகூப்பினார். கன்னியம்மாவைப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு கால்வாய்ப் பக்கம் வானம் கறுத்தது. நான் கரிக்கட்டியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தேன். தேதியோடு எடுத்துவைக்க வேண்டும் என்று எண்ணம்.

"அத்த அப்பால முடி," என்றார் கன்னியம்மா. "வரப்ப வெட்டி வுட்டுட்டு எல்லாரும் பூட்டாங்க. மழ எறங்கிச்சுன்னா அந்தாண்ட தண்ணி பூரா என் பாத்தில வந்து பூடும். நேத்துதான் வெத வுட்டுகீறேன்."

அவர் சொன்னது சரி. கிழக்கு வரப்பில் ஒரு முழத்துக்குப் பிளவு வாய் திறந்து நின்றது.

"தலையாரிய கூப்புட வேணாமா?" என்றான் காதர்.

"வெட்டினவனா வந்து மூடுவான்? வெட்டினா தெரியும்னு சொன்னது யாரு? உன் தோஸ்து தான. சொக்காவ கழட்டு நைனா."

கழற்றினேன். காதர் லுங்கியை வரிந்து கட்டிக்கொண்டு கோரைக்குள் இறங்கிச் சேறு வெட்டிக் கொடுத்தான். நான் கூடையில் அள்ளி வந்து பிளவில் கொட்டினேன். முதல் இரண்டு கூடையும் வழிந்து ஓடிவிட்டன.

"கொட்டாத. வையி. வெச்சு மிதி. அதும்மேல இன்னொண்ணு வையி," என்றார் கன்னியம்மா. வெட்டிப் போட்டிருந்த வேர்களைப் பொறுக்கி ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் அவரே பரப்பினார். கடைசி அடுக்கைப் பாதத்தால் தட்டி, ஈரக் கையால் தோட்டத்துப் பக்கம் வழித்துவிட்டார். நாங்கள் நிமிர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

கிணற்றடிக் கீற்றுக் கொட்டகையில் மூன்று பேரும் ஒதுங்கினோம். வரப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கோரையை மூடிக்கொண்டு ஏறியது. நாங்கள் வைத்த மண் வரை வந்தது. கொஞ்சம் கரைத்தது. பிறகு அங்கேயே நின்றது. இந்தப் பக்கம், விதைத்த பாத்திகளில், வானத்திலிருந்து விழுந்த மழை மட்டும்தான் இருந்தது.

கன்னியம்மா அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, மறுநாள் கீரை கட்டுவதற்கு வாழைநார் கிழிக்கத் தொடங்கினார்.